டையோடு இருந்த இடத்தில் மாஸ்ஃபெட்

கேள்வி இதுதான். 12 வோல்ட் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட், 5 ஆம்பியர் எடுக்க வேண்டும். கையில் இருக்கும் பக் (வோல்ட்டைக் குறைத்துத் தரும்) சர்க்யூட் வேலை செய்கிறது, ஆனால் அதிலுள்ள ஷாட்கி (வோல்ட் வீழ்ச்சி குறைவான வகை) டையோடில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடு. சிங்க்ரோனஸ் வகைக்கு மாறினால் இது சரியாகுமா? மாறும்போது எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

சரியாகும். ஆனால் எதனால் சரியாகிறது என்று தெரிந்துகொண்டு மாறினால், மாறிய பிறகு வரும் புதுச் சிக்கல்களின் காரணமும் தானாகவே புரிந்துவிடும். அதனால் டையோடிலிருந்தே தொடங்குகிறேன்.

பக் கன்வெர்ட்டரில் மேலே இருக்கும் ஸ்விட்ச் கொஞ்ச நேரம் மூடியிருக்கும் (கரண்ட்டைக் கடத்தும்), மீதி நேரம் திறந்திருக்கும் (கடத்தாது). மூடியிருக்கும் நேரத்தின் விகிதம், ஏறக்குறைய வெளியீட்டு வோல்ட்டை உள்ளீட்டு வோல்ட்டால் வகுத்தால் வருவது. உங்கள் கணக்கில் 3.3-ஐ 12-ஆல் வகுத்தால் 27.5 சதவீதம். மீதி 72.5 சதவீத நேரம் மேல் ஸ்விட்ச் திறந்திருக்கிறது. இண்டக்டரில் (கம்பிச் சுருளில்) ஓடும் கரண்ட்டோ அதற்காக நிற்காது, வேறு வழி தேடி ஓடியே ஆகும். அந்த வழிதான் டையோடு. அதாவது உங்கள் சர்க்யூட்டில் ஒவ்வொரு சுற்றிலும் முக்கால்வாசி நேரம் 5 ஆம்பியரைச் சுமப்பது டையோடுதான். ஷாட்கியின் மேல் 0.45 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 5 பெருக்கல் 0.45 பெருக்கல் 0.725, சுமார் 1.6 வாட். போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சின்ன எஸ்எம்டி டையோடு, அதைச் சுற்றி நடுத்தரமான செம்புப் பரப்பு என்றால் வாட்டுக்கு 40 டிகிரி ஏறுவது சாதாரணம். சுற்றுப்புறத்தைவிட 65 டிகிரி அதிகம். விரல் வைக்க முடியாததில் வியப்பில்லை.

அந்த இடத்தில் 10 மில்லிஓம் மாஸ்ஃபெட் (வோல்ட் கொடுத்துத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஒன்றை வைத்துப் பாருங்கள். 5-இன் வர்க்கம் 25. அதை 0.01 ஓமாலும் 0.725-ஆலும் பெருக்கினால் 0.18 வாட். சூடேறும்போது மாஸ்ஃபெட்டின் மின்தடை ஒன்றரை மடங்கு வரை ஏறும், அதையும் சேர்த்தால் 0.27. ஒன்றரை வாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்த இடத்தில் கால் வாட். சிங்க்ரோனஸ் என்ற சொல்லின் பொருள் இவ்வளவுதான்: டையோடு செய்த வேலையை, மேல் ஸ்விட்சோடு நேரம் பிசகாமல் மாறி மாறித் திறந்து மூடும் இன்னொரு ஸ்விட்ச் செய்கிறது.

இந்த லாபம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. 12-லிருந்து 9 வோல்ட் எடுப்பவருக்கு டையோடு கால்வாசி நேரம்தான் வேலை செய்கிறது, 45 வாட் வெளியீட்டில் அரை வாட் சொச்சம்தான் போகிறது. அவர் டையோடோடு இருந்துவிடலாம். மாறாக 12-லிருந்து 1 வோல்ட் எடுப்பவருக்கு வெளியீட்டுத் திறனில் 40 சதவீதத்துக்குச் சமமான அளவு டையோடிலேயே எரிந்துவிடும். 1993-இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது, 1994-இல் வந்த அடுத்த வகை 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது, 1997-இன் எம்எம்எக்ஸ் வகையில் உள் மின்னழுத்தம் 2.8 வோல்ட் ஆனது, பிறகு அதுவும் சரிந்துகொண்டே போனது. வோல்ட் இறங்க இறங்க கரண்ட் ஏறும். டையோடின் 0.45 வோல்ட் மட்டும் இறங்க மறுத்தது. மதர்போர்டுகளில் சிங்க்ரோனஸ் முறை நிலைபெற்றதற்கு இந்த நெருக்கடிதான் காரணம்.

அப்புறம், டையோடுக்கு இருந்த ஒரு நல்ல குணத்தை நாம் இதில் இழக்கிறோம். எப்போது கடத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது டையோடுக்குத் தானாகவே தெரியும். கரண்ட் திரும்பி ஓடப் பார்த்தால் அது அடைத்துக்கொள்ளும். மாஸ்ஃபெட்டுக்கு அந்தத் திசை உணர்வு கிடையாது. கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் வோல்ட் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கடத்தும். யாராவது சொன்னால்தான் நிற்கும். சிங்க்ரோனஸ் பக்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவைதான்.

முதல் தொல்லை, இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் கடத்திவிடுவது. 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வெறும் 20, 30 மில்லிஓம் மட்டும் மிஞ்சும். அதைத் தவிர்க்க, ஒன்றை அணைத்த பிறகு சிறிது நேரம் இரண்டையும் அணைத்தே வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் மற்றதைப் போடுவார்கள். டெட் டைம் என்பது இது. சில பத்து நானோவினாடிகள். இந்த இடைவெளியில் இண்டக்டர் கரண்ட் கீழ் மாஸ்ஃபெட்டின் உள்ளேயே இருக்கும் பாடி டையோடு வழியாக ஓடும். அதன் வீழ்ச்சி ஷாட்கியைவிட மோசம், 0.8 வோல்ட் வரும். 500 கிலோஹெர்ட்ஸில் சுற்றுக்கு இரண்டு முறை, முறைக்கு 30 நானோவினாடி என்றால் மொத்த நேரத்தில் 3 சதவீதம். 5 ஆம்பியருக்கு 0.12 வாட். பெரிதில்லை, ஆனால் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் இதுவும் இரட்டிப்பாகும்.

அந்த 0.12 வாட்டையும் மிச்சப்படுத்த, கீழ் மாஸ்ஃபெட்டுக்கு இணையாக ஒரு ஷாட்கியைப் போடலாமே என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடி டையோடுக்கும் ஷாட்கிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.4 வோல்ட். இரண்டுக்கும் இடையிலான ட்ரேஸ்களும் (போர்டின் செம்புத் தடங்களும்) கால்களும் சேர்ந்து 2 நானோஹென்றி தூண்டல் இருந்தால், கரண்ட் ஷாட்கிக்கு மாறும் வேகம் நானோவினாடிக்கு 0.2 ஆம்பியர். 5 ஆம்பியரும் மாற 25 நானோவினாடி ஆகும். அதற்குள் டெட் டைமே ஏறக்குறைய முடிந்துவிடும். மாஸ்ஃபெட்டை ஒட்டியே வைத்தால் ஓரளவு பலன் உண்டு, ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது வெறும் அலங்காரம்.

பாடி டையோடில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடத்திக்கொண்டிருந்த டையோடு உடனே அணையாது, உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேற வேண்டும். மேல் மாஸ்ஃபெட் போடப்படும் அந்த நொடியில், தேங்கியதை வெளியே இழுக்க ஒரு கூர்மையான கரண்ட் பாய்கிறது. அது நின்றதும் ஸ்விட்ச் முனை (இரண்டு மாஸ்ஃபெட்டும் இண்டக்டரும் சேரும் இடம்) மணியடித்ததுபோல் அதிரத் தொடங்கும். ரேடியோ இரைச்சல் சோதனையில் போர்டுகள் தோற்பதற்கு இந்த அதிர்வு அடிக்கடி காரணமாகிறது. கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களில் இந்தத் தேங்கிய மின்னூட்டம் இல்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் அவை பின்பக்கமாகக் கடத்தும்போது 2 வோல்ட் அளவுக்கு விழும், அதனால் டெட் டைமை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு மாஸ்ஃபெட்டையும் ஒரே மாதிரி தேர்ந்தெடுக்காதீர்கள். கீழ் மாஸ்ஃபெட் போடப்படும்போது அதன் பாடி டையோடு ஏற்கனவே கடத்திக்கொண்டிருப்பதால் அதன்மேல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும், ஸ்விட்சிங் இழப்பு ஏறக்குறைய இல்லை. அதற்குக் குறைந்த மின்தடைதான் முக்கியம். மேல் மாஸ்ஃபெட் ஒவ்வொரு முறையும் முழு 12 வோல்ட்டையும் 5 ஆம்பியரையும் ஒன்றாகச் சுமந்தபடி மாறுகிறது. ஏறவும் இறங்கவும் சேர்த்து 20 நானோவினாடி என்றால் 500 கிலோஹெர்ட்ஸில் 0.3 வாட். கடத்தல் இழப்பு அங்கே அதில் பாதிகூட வராது. எனவே அங்கே கேட் மின்னூட்டம் குறைவாக, வேகமாக மாறக்கூடியதாக வேண்டும், மின்தடை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் போகட்டும்.

உங்கள் 5 ஆம்பியருக்கு என் பரிந்துரை: தனித்தனி மாஸ்ஃபெட் வாங்கிக் கோக்க வேண்டாம், இரண்டும் உள்ளேயே இருக்கும் சிப் ஒன்றை எடுங்கள். டெட் டைமை அவர்களே கச்சிதமாக வைத்திருப்பார்கள், உள் இணைப்புகளும் குட்டையானவை. வாங்கும்போது டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பிரபலமான எல்எம் 2596 சிங்க்ரோனஸ் இல்லை; 150 கிலோஹெர்ட்ஸ், 3 ஆம்பியர், வெளியே டையோடு வேண்டும், உள்ளே இருப்பதும் மாஸ்ஃபெட் அல்லாத பைபோலார் ஸ்விட்ச் என்பதால் அதன்மேலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும். எம்பி 2307 சிங்க்ரோனஸ்தான், ஆனால் 3 ஆம்பியர் வரைதான். நீங்கள் 6 ஆம்பியர் வகையில் தேடுங்கள்.

இண்டக்டர் கணக்கு எளிது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் 8.7 வோல்ட், அதை 0.275-ஆல் பெருக்கி, அதிர்வெண்ணாலும் நாம் ஏற்கும் ரிப்பிள் கரண்ட்டாலும் (ஒவ்வொரு சுற்றிலும் கரண்ட் ஏறி இறங்கும் அளவாலும்) வகுக்க வேண்டும். 5 ஆம்பியரில் 30 சதவீதம், அதாவது 1.5 ஆம்பியர் ரிப்பிள் வைத்தால் 3.2 மைக்ரோஹென்றி வரும். கடையில் கிடைப்பது 3.3. உச்ச கரண்ட் 5.7 ஆம்பியர். செறிவு கரண்ட் (அதைத் தாண்டினால் தூண்டல் சரிந்துவிடும்) குறைந்தது 8 ஆம்பியராவது இருக்கும் இண்டக்டரை எடுங்கள், ஷார்ட் ஆகும் நேரத்தில் சிப்பின் கரண்ட் எல்லை வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். கம்பிச் சுருளின் மின்தடையையும் பாருங்கள். 10 மில்லிஓம் இருந்தால் அங்கேயே கால் வாட். இத்தனை பாடுபட்டுக் கீழ் மாஸ்ஃபெட்டில் மிச்சப்படுத்தியதை இண்டக்டரில் கொட்டிவிடக் கூடாது.

கெப்பாசிட்டரில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் அழுத்திச் சொல்கிறேன். செராமிக் கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் மதிப்பு, அதன்மேல் டிசி வோல்ட் ஏறியதும் அப்படியே இருக்காது. 25 வோல்ட் தாங்கும் சின்ன 10 மைக்ரோஃபாரட் ஒன்றில் 12 வோல்ட் விழுந்தால் பாதிக்கும் கீழே போவதுண்டு. தயாரிப்பாளரின் வளைகோட்டைப் பார்த்துத்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். வெளியீட்டில் உண்மையாகவே 44 மைக்ரோஃபாரட் மிஞ்சினால் ரிப்பிள் 8 மில்லிவோல்ட்தான் வரும். உள்ளீட்டுக் கெப்பாசிட்டருக்குத்தான் கடினமான வாழ்க்கை. மேல் ஸ்விட்ச் மூடும்போதெல்லாம் 5 ஆம்பியரைத் திடீரென்று கொடுத்தாக வேண்டும், உங்கள் கணக்கில் 2.2 ஆம்பியர் ஆர்எம்எஸ் (சூடாக்கும் கணக்கில் சராசரி) அதன் வழியே ஓடும். அங்கே செராமிக் கட்டாயம். கூடவே 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் வையுங்கள். வெறும் செராமிக் மட்டும் இருக்கும் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் 12 வோல்ட்டைச் செருகினால், கேபிளின் தூண்டலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடி உள்ளீடு 24 வோல்ட் வரை எகிறலாம். எலக்ட்ரோலிட்டிக்கின் உள் மின்தடை அந்த ஊஞ்சலை அடக்கிவிடும்.

இனி லேஅவுட், அதாவது போர்டில் எதை எங்கே வைப்பது என்பது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுச் செராமிக், மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட், திரும்ப அந்தச் செராமிக்கின் கிரவுண்ட் கால். இந்த வளையத்தில்தான் கரண்ட் சில நானோவினாடிகளில் பூஜ்யத்திலிருந்து 5 ஆம்பியருக்குத் தாவுகிறது. 5 நானோவினாடியில் 5 ஆம்பியர் என்றால், ஒவ்வொரு நானோஹென்றிக்கும் ஒரு வோல்ட் கூடுதலாக எழும். ஒரு மில்லிமீட்டர் ட்ரேஸ் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. கெப்பாசிட்டரை அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே 5 வோல்ட்டுக்கு மேல் எகிறும்.

இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். நான் வரைந்த போர்டில் உள்ளீட்டுச் செராமிக்குகள் சிப்பிலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளி இருந்தன, கிரவுண்ட் பக்கம் ஒரே ஒரு வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை). ஸ்விட்ச் முனையில் ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) வைத்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் 26 வோல்ட் ஊசி. பதறிப்போய் முதலில் ப்ரோபின் நீளமான கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையில் செருகும் குட்டை ஸ்பிரிங்கை மாட்டி அளந்தேன். 20 வோல்ட்டாக இறங்கியது. அதாவது 6 வோல்ட், அளக்கும் கம்பியே உண்டாக்கிய பொய். மீதி உண்மை. 0402 அளவு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை சிப்பின் உள்ளீட்டுக் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவே, சால்டர் மாஸ்க் என்ற மேல்பூச்சைச் சுரண்டி நேராகவே வைத்துப் பற்றவைத்தேன். 15 வோல்ட் ஆனது. அரிசி மணியைவிடச் சின்ன ஒரு பொருள், சரியான இடத்தில் உட்கார்ந்ததால் செய்த வேலை அது. அடுத்த போர்டில் செராமிக்கை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகும் அதிர்வு மிஞ்சினால் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரோடு தொடராக 2 முதல் 5 ஓம் போட்டுப் பாருங்கள். மேல் மாஸ்ஃபெட் என்-சேனல் என்பதால் அதன் கேட்டுக்கு உள்ளீட்டைவிட உயர்ந்த வோல்ட் தேவை. கீழ் மாஸ்ஃபெட் கடத்தும் நேரத்தில் நிரம்பி, மேல் மாஸ்ஃபெட்டுக்கு அதைக் கொடுப்பது இந்த 0.1 மைக்ரோஃபாரட்தான். அதன் வழியில் சின்ன மின்தடை வைத்தால் மேல் மாஸ்ஃபெட் போடப்படுவது மட்டும் சற்று நிதானமாகும். இழப்பு கொஞ்சம் கூடும், இரைச்சல் நன்றாகவே குறையும். ஸ்விட்ச் முனையின் செம்பைப் பெரிதாக விரிக்காதீர்கள், அது ஆண்டெனா. வெளியீட்டு வோல்ட்டைச் சிப்புக்குத் திரும்பச் சொல்லும் ஃபீட்பேக் ட்ரேஸை இண்டக்டருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.

திசை உணர்வு இல்லாததன் மற்ற விளைவுகளுக்கு வருகிறேன். லோடு 0.7 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால், அதாவது ரிப்பிளில் பாதிக்கும் குறைவானால், சுற்றின் கடைசியில் இண்டக்டர் கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்த் திசையில் ஓடத் தொடங்கும். டையோடாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். மாஸ்ஃபெட் கடத்திக்கொண்டே இருக்கும், வெளியீட்டிலிருந்து எடுத்துத் திரும்ப உள்ளீட்டுக்கே கொடுக்கும். வீண் அலைச்சல். பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இது கேடு. அதனால் பல சிப்கள் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதைக் கண்டுபிடித்துக் கீழ் மாஸ்ஃபெட்டை அணைத்துவிடும், துடிப்புகளையும் விட்டுவிட்டுத் தரும். அப்படிச் செய்தால் சின்ன லோடில் சேமிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ரிப்பிள் கூடும், அதிர்வெண் அலைபாயும். ஆடியோ, ரேடியோ, நுண்ணிய அளவீடு போன்றவற்றுக்கு அது ஒத்துவராது. அங்கே மின்சாரம் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை என்று அதிர்வெண்ணை நிலையாக வைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

இதே குணம் ஒரு சிப்பைக் கொல்லவும் செய்யும். பக் கன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தால் அது பூஸ்ட் (வோல்ட்டை ஏற்றும்) கன்வெர்ட்டர். வெளியீட்டுப் பக்கம் சேமிப்பு இருந்து, கன்வெர்ட்டர் அதைக் கீழே இறக்க முயன்றால், அந்த ஆற்றல் முழுவதும் உள்ளீட்டுக்குப் போகும். நான் வேலை செய்த ஒரு போர்டில் வெளியீட்டில் 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் இருந்தது, உள்ளீட்டில் தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டையோடு. மென்பொருள் வெளியீட்டை 5-லிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் சிப் செத்தது. இரண்டு சிப் போன பிறகு உள்ளீட்டில் ஸ்கோப்பை வைத்தேன். 12 வோல்ட்டில் தட்டையாக இருந்த கோடு, கட்டளை போனதும் சாய்வாக ஏறி, 30-ஐ நெருங்கி அறுந்தது. அந்த சிப்பின் உச்ச எல்லை 28. சூப்பர் கெப்பாசிட்டரில் இறங்கிய 7 ஜூல், டையோடு தடுத்ததால் சப்ளைக்குத் திரும்ப முடியாமல் சின்ன உள்ளீட்டுக் கெப்பாசிட்டரில் போய்க் குவிந்திருக்கிறது. எதிர்த் திசைக் கரண்ட்டை அனுமதிக்காத முறைக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் வெளியீட்டில் பேட்டரியோ, பெரிய கெப்பாசிட்டரோ, இன்னொரு சப்ளையோ சேர்ந்திருக்குமானால் இந்த ஒன்றை முன்பே யோசித்துவிடுங்கள். ஏற்கனவே வோல்ட் நிற்கும் வெளியீட்டில் தொடங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. டேட்டாஷீட்டில் அதைப் பற்றித் தனியாக எழுதியிருப்பார்கள், தேடிப் படியுங்கள்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை உங்களுக்கு 500 கிலோஹெர்ட்ஸ் போதும். மேலே போனால் இண்டக்டர் சிறுக்கும், ஆனால் ஸ்விட்சிங், கேட், டெட் டைம் இழப்புகள் எல்லாம் நேர் விகிதத்தில் ஏறும். 12-லிருந்து 1 வோல்ட்டை 2 மெகாஹெர்ட்ஸில் எடுக்க நினைத்தால் மேல் ஸ்விட்ச் வெறும் 42 நானோவினாடிதான் மூடியிருக்க வேண்டும், பல சிப்களால் அவ்வளவு குறுகிய துடிப்பைத் தரவே முடியாது. கட்டுப்பாட்டு முறையில் நிலையான ஆன்-டைம் வகையை (மேல் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் மூடியிருப்பது) எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அவற்றில் பலவும் வெளியீட்டு ரிப்பிளைப் பார்த்துத்தான் அடுத்த துடிப்பைத் தீர்மானிக்கின்றன. செராமிக் மட்டும் வைத்தால் பார்க்கப் போதுமான ரிப்பிள் இருக்காது, துடிப்புகள் இரண்டிரண்டாகக் கொத்துக்கொத்தாக வரும். ஃபீட்பேக்கில் செயற்கையாக ரிப்பிள் ஊட்டும் சர்க்யூட்டைப் போடுங்கள், அல்லது அதை உள்ளேயே செய்துகொள்ளும் சிப்பை எடுங்கள்.

போர்டு கைக்கு வந்ததும் நேராக 12 வோல்ட்டையும் 5 ஆம்பியர் லோடையும் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வக சப்ளையில் கரண்ட் எல்லையை 200 மில்லிஆம்பியரில் வைத்து, லோடு இல்லாமல் தொடங்கி 3.3 வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்பிரிங் முனையோடு ஸ்விட்ச் முனையைப் பாருங்கள். இறங்கும் விளிம்புக்குப் பிறகும் ஏறும் விளிம்புக்கு முன்பும் கோடு பூஜ்யத்துக்குக் கீழே 0.8 வோல்ட் வரை குட்டையாக இறங்கித் தெரிய வேண்டும். டெட் டைமில் பாடி டையோடு கடத்துவதன் அடையாளம் அது. லோடு இல்லாதபோது கரண்ட் திசை மாறிவிடுவதால் ஒரு பக்கத்தில் அது தெரியாமல் போகலாம். எல்லையைத் தளர்த்தி ஒரு ஆம்பியர் ஏற்றினால் இரண்டு பக்கமும் தெரியும். பிறகு படிப்படியாக 5 ஆம்பியர் வரை ஏற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு சூடு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பழைய போர்டில் டையோடு காட்டிய அளவுச் சூடு இப்போது எங்கேயும் தெரியாது.